எழுபத்தாறு புதன்கிழமைகள்

குடியுரிமை இன்டர்வியூ பத்தரை மணிக்கு. காலை ஆறு மணியிலிருந்தே வீடு மொத்தமும் அதற்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. பாடுபட்டது என்றால், இன்டர்வியூவுக்குப் போகவேண்டிய மருமகளிடம் ஆளுக்கொரு வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மாத்திரை டப்பாவுல புதன்கிழமைக் கட்டம் காலியா இருக்கே. நான் முழுங்கிட்டேனா, நீ போடவே இல்லையா?" என்றாள் மாமியார்.

"முழுங்கிட்டீங்க அத்தை. அஞ்சு நிமிஷம் முன்னாடி நான்தான் தண்ணி குடுத்தேன்."

"அப்ப ஏன் இன்னும் முட்டி வலிக்குது?"

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இரண்டு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. "அண்ணி, பத்தே நிமிஷம் இவளைப் பிடிங்க. குளிச்சுட்டு ஓடி வந்துடறேன்." அந்தப் பத்து நிமிஷம் என்றைக்கும் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஆகவே குழந்தை பிறந்ததிலிருந்து அண்ணியின் இடுப்பே அதற்குத் தொட்டில்.

மருமகளின் கணவர் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். சாப்பாட்டு மேஜைமேல் ஃபைலைப் பிரித்து வைத்து, வாடிக்கையாளருக்குத் துணி விரித்துக் காட்டுகிற தோரணையில் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பக்காவா இருக்கு. மூணு வருஷத்துல நீ வெளிநாட்டுல இருந்தது மொத்தம் எழுபத்துமூணு நாள். சட்டம் எவ்வளவு விடுது? இருநூத்தெழுபது. தாராளமா கிடக்கு. நீ அங்க போய் வளவளன்னு பேசாதே. கேட்டதுக்கு மட்டும் பதில். சரக்கோட குறையை நாமளே எடுத்துச் சொல்லக் கூடாது, புரியுதா?"

"புரியுதுங்க."

"அப்புறம் இன்னைக்குப் புதன்கிழமை. பையை எடுத்து வெச்சுக்கோ. சாயங்காலம் அஞ்சு மணி பஸ்சுக்கு நீ மார்க்கெட் போயாகணும். ஓட்டல்காரர் நாப்பது ஜன்னலுக்குக் கேட்டிருக்கார். அந்தச் சாம்பல் நிறம் உன்னைத் தவிர வேற யார் கண்ணுக்கும் அகப்படாது."

பை ஏற்கெனவே கதவோரம் இருந்தது. ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, அளவு நாடா. வாரம் விட்டு வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்புவதும் சனிக்கிழமை காலை துணி மூட்டைகளோடு திரும்புவதும் அந்த வீட்டில் பேச்சுக்கே வராத விஷயம். குழாயில் தண்ணீர் வருவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

செல்போன் அடித்தது. அவள் அப்பா. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போன பிறகு ஊரில் தனியாக இருக்கிறவர், போன மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

"பாப்பா, பாஸா?"

"இன்னும் போகவே இல்லப்பா."

"சரி சரி. ஆபரேஷனுக்கு இருபத்தேழாம் தேதின்னு சொல்லிட்டாங்க. நீ பதறாதே. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்து பாக்கறாங்க. நான்தான் கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காத பயணி மாதிரி படுத்தே கிடக்கேன்."

"உங்களை இங்க கூட்டிட்டு வந்துடுவேன்பா. இது மட்டும் கிடைச்சிடட்டும்."

பிரஜைகள் மட்டுமே பெற்றோரை நிரந்தரமாக வரவழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். குடியுரிமையில் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஓட்டுப் போடவேண்டும், அட்டை போட்ட பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்ததே இல்லை. அப்பாவுக்கு ஒரு கட்டில் போடவேண்டும். கூடத்தில் ஜன்னலோரம் இடத்தைக்கூட அளந்து வைத்திருந்தாள்.

போனை வைத்ததும் மாமியார் ஆரம்பித்தாள். "போன வருஷம் அப்பா அப்பான்னு ஓடிப் போய் இருபத்துநாலு நாள் உக்காந்துட்டு வந்தியே... அதைக் கேட்டா என்ன சொல்லப் போறே? அன்னைக்கே வேண்டாம்னேன். என் பேச்சை யாரு கேக்கறா?"

அவள் குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

*

இன்டர்வியூ அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி. மேஜைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டி வந்தவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதிகாரி ஐம்பது வயசு மதிக்கத்தக்க பெண்மணி. குரலில் கோபமும் இல்லை, இனிப்பும் இல்லை.

"உங்க படிவத்துல மூணு பயணம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம். ஒண்ணு எங்க அத்தையோட அண்ணன் இறந்ததுக்கு, பன்னண்டு நாள். ஒண்ணு நிலப் பத்திரம் பதிய, முப்பத்தேழு நாள். ஒண்ணு எங்க அப்பாவைப் பாக்க, இருபத்துநாலு நாள்."

"எங்க எல்லைப் பதிவுல எழுபத்தொன்பது இருக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய ஃபைலையோ மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அதிகாரி ஒரு தாள் கற்றையைத் திருப்பிக் காட்டினார். புதன், சனி. புதன், சனி. பக்கம் பக்கமாகப் புதனும் சனியும்.

"ஐயோ... இது மார்க்கெட்டுங்க."

"எந்த மார்க்கெட்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற துணி மார்க்கெட். எங்க கடைக்குச் சரக்கு எடுக்க நான்தான் போவேன்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற நாடு, அம்மா."

வேறு நாடுதான். கொடி வேறு, சட்டம் வேறு, கடிகாரம்கூட அரை மணி முன்னே ஓடும். ஆனால் இருபது வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூட அதை வெளிநாடு என்று சொன்னதில்லை. மாமனார் காலத்திலிருந்தே அதற்கு மார்க்கெட் என்றுதான் பெயர். தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற மாதிரிதான் போய் வந்தார்கள். எல்லையில் வியாபாரிகளுக்கென்று உள்ள வரிசையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து நாள் எண்ணிய கணவருக்கு முத்திரை விழுந்த மூன்று பயணம் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது.

"எழுபத்தாறு தடவை, தடவைக்கு மூணு நாள். இருநூத்திருபத்தெட்டு. நீங்க எழுதின எழுபத்துமூணையும் சேத்தா முந்நூத்தொண்ணு. முப்பத்தொரு நாள் அதிகம். அதைவிட முக்கியமா, நீங்க சொல்லவே இல்லை. இந்தப் படிவத்தை நிரப்பினது யாரு?"

படிவத்தின் கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு. பில் புத்தகம் எழுதிப் பழகின கை. கணவர் பெயரைச் சொன்னால் அவரைக் கூப்பிடுவார்கள், பொய்த் தகவல் என்பார்கள், வியாபாரி அட்டையையே பிடுங்கினாலும் பிடுங்குவார்கள். கடை என்ன ஆகும்?

"கையெழுத்து என்னோடதுங்க. தப்பும் என்னோடதுதான்."

"எழுத்து?"

அவள் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறைக்கணும்னு செஞ்சீங்களா?"

"மறைக்கறவ வாரம் விட்டு வாரம் உங்க அட்டையைத் தேச்சுக்கிட்டா போவா, மேடம்?"

அதிகாரியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். எதையோ எழுதினார். பிறகு, "கடை உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. போனது மட்டும் நீங்க. ஏன்?" என்றார்.

"அவர் அப்ப குடியுரிமைக்குப் போட்டிருந்தார். அவருக்கு நாள் குறையக் கூடாதுன்னு நான் போனேன்."

"அவருக்குக் கிடைச்சு ரெண்டரை வருஷம் ஆகுதே."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இத்தனை நாளில் இது கேள்வியாகக்கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

அதிகாரி நிதானமாக விளக்கினார். மறைத்ததாக எழுதவில்லை, தவறுதலாக விடுபட்டது என்றே எழுதுகிறேன். விண்ணப்பத்தை நீங்களாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நிராகரித்தால் அது கறையாக நிற்கும். இன்றிலிருந்து ஐந்து மாதம் ஒரு நாள்கூட எல்லை தாண்டாமல் இருந்தால் பழைய பயணங்கள் மூன்று வருஷக் கணக்கின் பின்பக்கமாக உதிர்ந்துபோகும். அப்புறம் புதிதாகப் போடலாம்.

"அஞ்சு மாசம்..." என்றாள் அவள். "எங்கப்பாவுக்கு இந்த மாசம் இருபத்தேழாம் தேதி ஆபரேஷன் மேடம். கூட இருக்க ஆள் கிடையாது. ஒரு ரெண்டு மாசம் போயிட்டு வந்தா?"

"அப்ப அஞ்சு மாசம் ஒண்ணரை வருஷம் ஆகும்."

திரும்பப் பெறும் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட வெளியே காத்திருந்த கணவரைக் கூப்பிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் வியாபாரி விழித்துக்கொண்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், முந்நூத்துக்கு முப்பது. பெரிய விஷயமா? நீங்க கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுக்கணும்."

"இது நான் போட்டுக் குடுக்கிற நாள் இல்லைங்க."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பதினஞ்சைத் தள்ளுங்க, பதினஞ்சை நாங்க ஏத்துக்கறோம். வர்ற வருஷம் அதிகப்படியா முப்பது நாள் உள்ளேயே இருந்து ஈடு கட்டிடுவா."

"அடுத்தவங்க காத்திருக்காங்க," என்றார் அதிகாரி. அவர் எழுந்திருக்கும்போதுகூட கணவர், "இருபது நாளாவது..." என்றார். அவள்தான் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

*

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நாத்தனார் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். மாமியார் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"போச்சா? எல்லாம் போச்சா? நான் தலையால அடிச்சுக்கிட்டேன். அந்த இருபத்துநாலு நாள்... அப்பாவாம், அப்பா! இந்த வீட்டுல நாங்க மூணு பேரு வாங்கலையா? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி ஓரிடத்துல உக்காந்து வாங்கினோம். இவளுக்கு மட்டும் கால் தரையில நிக்காது."

"அம்மா, விடுங்க," என்றார் கடைக்கார மகன். விடச் சொன்னவர் தானே தொடர்ந்தார். "ஆனாலும் அம்மா சொல்றதுல ஒண்ணும் தப்பில்ல. அந்த இருபத்துநாலு இல்லாம இருந்தா ஏதாவது பேசிப் பாத்திருக்கலாம். இந்த நேரத்துல போய் உக்காந்துக்கிட்டா..."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவோரம் இருந்த பைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அதிகாரி நகல் கொடுத்தனுப்பியிருந்த அந்தத் தாள் கற்றையை நாத்தனார் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுவதும் அடுத்தவர் ரத்தத்தில் எண் தேடுகிறவள். கண் அதன்பாட்டுக்கு ஓடியது.

"அண்ணா, இருபத்துநாலைக் கழிச்சாலும் ஏழு நாள் அதிகமாத்தான் இருக்கு. இந்த மூணு வருஷத்துல அண்ணி தனக்குன்னு போனது அந்த ஒரு தடவைதான்."

"மத்ததெல்லாம்?"

"மார்க்கெட்."

"மார்க்கெட் எப்படி வெளிநாடு ஆகும்?" என்றாள் மாமியார், கோர்ட்டில் ஆட்சேபம் சொல்கிற மாதிரி.

நாத்தனார் ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்தப் புதன்கிழமை போனப்பதான் எனக்கு வலி எடுத்துச்சு. அண்ணி மார்க்கெட்ல இருந்து பாதியில திரும்பி வந்தாங்க... சனிக்கிழமை பொழுது விடிஞ்சு வரவேண்டியவங்க ராத்திரி ஒரு மணிக்கே எல்லை தாண்டியிருக்காங்க பாருங்க." இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். "இந்த முப்பத்தேழு நாள் யாருக்கு? நிலம் அம்மா பேர்ல. அம்மா போனா நாள் குறையும்னு அண்ணிக்குப் பவர் எழுதிக் குடுத்து அனுப்பினோம். அப்ப எனக்கும் நாள் ஓடிட்டிருந்துச்சு. இந்தப் பன்னண்டு..."

அவள் நிறுத்திவிட்டாள். மாமியாருக்கு யாரும் படித்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் செத்தபோது அவள் விண்ணப்பம் பாதியில் நின்றது. ஒரு வாரம் போய் வந்தாலும் நாள் போதாது என்று மகன் சொன்னான். மருமகளைக் கட்டிக்கொண்டு, "எனக்குப் பதிலா நீ போய் அந்த முகத்தைப் பாத்துட்டு வாம்மா," என்று கதறியது அவள் காதிலேயே ஒலித்திருக்கவேண்டும். திரும்பி வந்த மருமகளிடம் முகம் எப்படி இருந்தது என்று நூறு தடவை கேட்டவள் அவள். நூறு தடவையும், "தூங்கற மாதிரி இருந்துச்சு அத்தை," என்று அலுக்காமல் பதில் வந்தது.

மாமியார் வாய் மூடிவிட்டது. அந்த வீட்டில் அது அபூர்வமான சத்தம்.

கடைக்காரர் எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மனசு கலங்கினால் ஏதாவது வேலையில் கை வைக்கிறவர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான் பேசியது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப ஓட்டல்காரருக்கு வாக்குக் குடுத்தாச்சு. இந்த ஒரு தடவை மட்டும் போயிட்டு வந்துடு. முப்பத்தொண்ணு முப்பத்துநாலு ஆகும்... அவ்வளவுதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷத்தில் அவர் கண்ணை அப்படி நேராக அவள் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதீங்க. உங்களுக்குப் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் நான் போனேன். சரி. வந்த பிறகு ஏன் போனேன்?"

"என்ன கேள்வி இது... உனக்குத்தானே துணி தெரியும்..."

"உங்களுக்குத் தெரியாதா? எனக்குக் கத்துக் குடுத்ததே நீங்கதானே. ரெண்டரை வருஷமா உங்களுக்கு நாள் எண்ண வேண்டிய அவசியமே இல்ல. அத்தைக்கு இல்ல. இவளுக்கு இல்ல. எண்ண வேண்டியவ நான் ஒருத்திதான் இருந்தேன். என்னைத்தான் அனுப்பிக்கிட்டே இருந்தீங்க. வேணும்னு செய்யலைங்கறது தெரியும். அதான் வலிக்குது. எனக்கும் ஒரு நாள் இந்தத் தாள் தேவைப்படும்னு ஒருத்தருக்காவது ஞாபகம் வந்துச்சா?"

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

"எங்கப்பா அங்க இடுப்பு ஒடிஞ்சு கிடக்கார். நான் போனா, இங்க கூட்டிட்டு வர்றது ஒண்ணரை வருஷம் தள்ளிப் போகும். அதுவரைக்கும் அவரு இருப்பாரான்னு தெரியாது. நான் போகலைன்னா, ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிக்கும்போது தண்ணி குடுக்க ஆள் இல்ல. எது செஞ்சாலும் எனக்குத் தப்பாத்தான் போகும். நீங்க எல்லாரும் பெரிய பேரம் பேசறவங்கதானே? இதுல எனக்கு எது லாபம்னு சொல்லுங்க. அதைச் செய்யறேன்."

மாடியில் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. நாத்தனார் எழுந்தாள். வழக்கம்போல அண்ணி நகர்ந்தாள். "நீங்க உக்காருங்க அண்ணி," என்று அவள் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நாத்தனார் மாடிக்கு ஓடினாள்.

அப்போதுதான் மாமியார் எழுந்து போய் அந்தப் பையைத் தூக்கினாள். அறுபத்தெட்டு வயசு, இரண்டு முட்டியிலும் வலி. பையைத் தோளில் மாட்டி, வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அம்மா, எங்க போறீங்க?"

"மார்க்கெட்டுக்கு. சாம்பல் நிறம்தானே? எனக்குக் கண் தெரியும்."

"உங்களால முடியுமா? மூணு மணி நேரம் பஸ்சு..."

"அவளால எழுபத்தாறு தடவை முடிஞ்சுதே."

கடைக்காரர் தாயின் தோளிலிருந்து பையை வாங்கினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியைப் பார்க்காமலே, "அளவு நாடா உள்ளே இருக்கா?" என்றார்.

"சைடு பாக்கெட்ல இருக்கு," என்றாள் அவள்.

*

சனிக்கிழமை காலை அவர் திரும்பி வந்தபோது முதுகு வில்லாக வளைந்திருந்தது. கொண்டு வந்த துணி சாம்பல் நிறமே இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஊதா. ஓட்டல்காரர் என்ன சொல்வாரோ என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்தே பேசினார்.

"பஸ்ல எல்லாரும், மீட்டரக்கா வரலையா, மீட்டரக்கா வரலையான்னு கேட்டாங்க. யாரைச் சொல்றாங்கன்னு எனக்கு முதல்ல தெரியல."

"கையால அளந்தே மீட்டர் சொல்லிடுவேன். அதனால அப்படிக் கூப்பிடுவாங்க."

"இருபது வருஷம் குடித்தனம் பண்றேன். உன் பேரை பஸ்காரங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்." டீயை ஓரமாக நகர்த்தினார். "தங்கற இடம் எதுன்னு கேட்டேன். கிடங்குல கொண்டுபோய் விட்டாங்க. துணி மூட்டை மேல. இதுதான் மீட்டரக்கா இடம், மத்த பொம்பளைங்க பக்கத்துல படுப்பாங்க, நீங்க அந்த மூலைக்குப் போங்கன்னாங்க. ரூம் எடுத்துத் தங்கறேன்னுதானே சொன்னே?"

"ஆரம்பத்துல எடுத்தேன். அப்புறம் சரக்கு தனியா கிடக்குமேன்னு பயம் வந்துடுச்சு."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் குழாயை மூடினாள். "எப்படிப் போச்சுன்னு நீங்க கேட்டீங்களா? துணி எப்படின்னு மட்டும்தானே கேப்பீங்க."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்த கை முகத்திலேயே நின்றது. தோள் குலுங்கியது. கடையில் எவ்வளவு பெரிய நஷ்டம் வந்தாலும் சிரித்தபடி அடுத்த ஆளுக்குத் துணி விரிக்கிற மனுஷன்... முக்காலியில் குழந்தை மாதிரி உட்கார்ந்து அழுதார். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, கூடவே அலுப்பாகவும் இருந்தது. இவரையும் இப்போது சமாதானப்படுத்தவேண்டும் போலிருக்கிறதே என்று நினைத்தாள். ஆனால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

அழுது முடித்து அவரே சொன்னார். "நான் மாமாகிட்டப் போறேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே. நடக்க ஆரம்பிக்கற வரைக்கும் கூட இருக்கேன். ரெண்டு மாசமோ மூணு மாசமோ. எனக்குத்தான் எண்ண வேண்டிய நாளே இல்லையே... நீ இங்கயே இரு. எல்லைப் பக்கம் தலை வெச்சும் படுக்காதே. அஞ்சு மாசம் முடிஞ்சதும் படிவத்தை நீயே எழுது. என் கையைக் கிட்டயே விடாதே."

"கடை?"

"ஊதாத் துணி எடுத்துட்டு வர்றவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "கல்லாவுல நான் உக்காந்துக்கறேன். மார்க்கெட்டுக்கு என் பொண்ணு லீவு போட்டுட்டுப் போகட்டும். இவளுக்கும் பாஸ்போர்ட் இருக்கு, சும்மா அலமாரியில தூங்குது."

"அண்ணி, எனக்கு ஒரு நிறமும் தெரியாதே..." என்றாள் நாத்தனார்.

"வெயில்ல பிடிச்சுப் பாக்கணும்," என்றாள் அவள். "உங்க அண்ணன் கிடங்குக்குள்ளேயே பாத்து வாங்கிட்டார்."

கிளம்புகிற அன்று அவர் பெட்டியை மூடாமல் வெகு நேரம் நின்றார். "மாமாவுக்கு டீயில சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷரோடு மொத்தமாகப் பத்து நாள்கூட அவர் இருந்ததில்லை. அரை ஸ்பூன் என்று அவள் சொன்னதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

*

இருபத்தேழாம் தேதி மத்தியானம். கடையில் கூட்டம் இல்லை. மாமியார் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டே வாரத்தில் அவள் வியாபாரம் தெருவுக்கே தெரிந்துபோயிருந்தது. வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே, "குறைக்க முடியாது, உக்காருங்க," என்பாள்.

மருமகள் மேஜைமேல் ஒரு திரைச்சீலையின் ஓரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதே ஓரத்தை நாலு தடவை பிரித்துவிட்டாள்.

செல்போன் அடித்தது.

"முடிஞ்சுது," என்றார் கணவர். "நல்லா இருக்கார். இப்பதான் கண்ணைத் திறந்தார். நாளன்னைக்கு எழுப்பி நிக்க வெப்பாங்களாம். நாளைக்கே நிக்க வெக்க முடியாதான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன், முறைச்சுட்டுப் போயிட்டார்... இரு, பேசணுங்கறார்."

போனில் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"பாப்பா..."

"சொல்லுங்கப்பா."

"தண்ணி குடிச்சேன். மாப்பிள்ளை குடுத்தார்." நாக்கு குழறியது. "பத்து நாளா இந்த மனுஷன் நாற்காலியிலேயே தூங்கறார். வீட்டுக்குப் போய்ப் படுங்கன்னா கேக்கமாட்டேங்கறார். இவரை வேலை வாங்கறதுக்குக் கூச்சமா இருக்கு பாப்பா."

"வாங்குங்கப்பா," என்றாள். "நல்லா வாங்குங்க."

"நீ வரலைன்னு நான் ஒண்ணும் நினைக்கல. தெரியுதா? அவரு எல்லாத்தையும் சொல்லிட்டார். தப்பு யார் மேலங்கறதையும் அவரே சொன்னார். நீ அங்கயே அசையாம உக்காரு. நான் வந்து சேர்றேன்."

போன் கைமாறி, துண்டிக்கப்பட்டது. அவள் அதை மேஜைமேல் வைத்தாள். ஊசியை எடுத்தாள். ஓரம் தெரியவில்லை. துணி முழுவதும் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தது. துணியில் சொட்டுப் பட்டுக் கறையாகிவிடுமே என்று அதை அவசரமாகத் தள்ளி வைத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்தாள். அழக் கூடாது... கடைநேரம். யாராவது வந்துவிடுவார்கள்.

மாமியார் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்குப் போனாள். ஷட்டரை இரண்டு கையாலும் பற்றித் தொங்கிப் பாதிக்குமேல் இறக்கினாள். பட்டப்பகலில் அந்தக் கடையின் ஷட்டர் இறங்கியதே கிடையாது. மாமனார் செத்த அன்றுகூடச் சாயங்காலம்தான் இறக்கினார்கள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"பேசாதே. அழு." மாமியார் அவள் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எங்க எல்லாருக்கும் சேத்து நீதானே ஓடினே... எங்கண்ணன் முகத்தை நீதானே பாத்தே. உன் வாயால ஒரு நாள், முடியலைன்னு வந்துச்சா? நான் கிழவி, எனக்கு அறிவு வேண்டாம்? அப்பா அப்பான்னு உன்னைக் குத்தினேனே... அழுதுடும்மா. பாக்கி வெக்காம அழுதுடு."

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அப்படி ஒரு சத்தம் தனக்குள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாமியாரின் கண்ணீர் அவள் உச்சந்தலையில் சூடாக விழுந்துகொண்டிருந்தது.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பாதி இடைவெளியில் இரண்டு கால்களும் ஒரு பெரிய பையும் தெரிந்தன. நல்ல வியாபாரத்துக்கு வந்த கால்கள் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

"கடை இருக்கா?"

"இப்ப இல்ல," என்றாள் மாமியார், பிடியை விடாமல்.

"எப்பத் திறப்பீங்க?"

"என் மருமக அழுது முடிச்சதும்."